கண்ணாடியில் ஒட்டாத வரி
தொலைதூர டீலரிடம் பழைய ஃபெராரி வாங்கி, லாரியிலிருந்து இறக்கிய பிறகே கோளாறு தெரிந்து நொந்துபோன அமெரிக்கர்களைப் பற்றிப் படித்தால் எனக்குக் கோபம் 1982 மீதுதான் திரும்புகிறது. பழைய கார் டீலர்கள் தங்களுக்குத் தெரிந்த கோளாறுகளைக் கண்ணாடியிலேயே எழுதி ஒட்ட வேண்டும் என்று மத்திய வர்த்தக ஆணையம் வகுத்த விதியை அந்த ஆண்டுதான் அவர்கள் நாடாளுமன்றம் தடுத்தது. 1984இல் வந்த விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில், வாரன்டி இல்லை, இருக்கிறபடியே விற்பனை என்று ஒட்டினால் போதும். தூரத்தில் இருப்பவருக்குக் கிடைப்பதோ பளபளக்கும் படங்கள். ஃபெராரி எஃப்355 வண்டியில் டைமிங் பெல்ட் மாற்றவே எஞ்சினை வெளியே இறக்க வேண்டும். அந்தச் செலவைத் தள்ளிப்போட்டே விற்றார்களா என்று எந்தப் படம் காட்டும்? வாங்குகிறவர் பணக்காரர், தாங்கிக்கொள்வார் என்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தெரிந்தே மறைத்தவரை விட்டுவிட்டு, நேரில் போய்ப் பார்த்திருக்கலாமே என்று ஏமாந்தவரைக் குடைவது இன்னும் கொடுமை.