பற்றரி வீங்கினால் பாவிக்காதீர்கள்

சகோதரிகளே, 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். கறன்ட் வந்ததும் மடிக்கணினியைச் செருகிவிடுவோம். தையல் கணக்கும் பிள்ளையின் உயர்தரப் பாடமும் அதற்குள்தானே! மின்வெட்டு போனாலும், இரவு பகலாகச் செருகியே வைக்கும் பழக்கம் பலரை விடவில்லை.

நுவரெலியாக் குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்குவது பழுதல்ல. குளிரில் பற்றரிக்குள் நடக்கும் இரசாயன மாற்றம் மந்தமாகிறது. வெயில் ஏறியதும் சரியாகிவிடும். அதற்காக அடுப்படியில் வைத்துவிடாதீர்கள். லிதியம் பற்றரிக்குப் பகை சூடுதான். கம்பளி மேல் வைத்து வேலை செய்தால் காற்றுத் துளை அடைபட்டுச் சூடேறும். எந்நேரமும் 100 வீதத்தில் நிற்பதும் ஆயுளைக் குறைக்கும். 80 வீதமளவில் கழற்றி, 20க்கு இறங்குமுன் மறுபடி செருகுங்கள்.

விசைப்பலகை மேலெழும்பினால், அடிமூடி பிதுங்கினால், மேசையில் வைக்கும்போது ஆடினால், பற்றரிக்குள் வாயு சேர்ந்து வீங்கியிருக்கலாம். உடனே நிறுத்துங்கள்; சார்ஜரைக் கழற்றித் திருத்துபவரிடம் கொடுங்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டாம், குப்பையோடு எரிக்கவும் வேண்டாம். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரே கூரை வழியாக அடுத்த வீட்டுக்கும் ஓடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் தூங்குகிறார்கள்.

புதிய பற்றரி வாங்குவதென்றால் மடிக்கணினியையும் கடைக்குக் கொண்டுபோங்கள். பொருத்தி, சார்ஜர் இல்லாமல் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.