காய்ச்சலை மறைத்து வந்த குழந்தை

2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள். பத்தொன்பது மாதங்களுக்கும் மேலாக மூடிக் கிடந்த தமிழகத் தொடக்கப் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்ட நாள் அது. நம் பங்கின் பள்ளியிலும் எட்டரை மணிக்கெல்லாம் பிள்ளைகள் வந்துவிட்டனர். முதல் இரு வகுப்பினர் பள்ளிக்கூடம் எப்படியிருக்கும் என்றே அறியாதவர்கள். தாளாளர் என்ற முறையில் நாமும் வாயிலில் நின்றோம். நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானியைத் துப்பாக்கி என்றெண்ணிச் சிறுவன் ஒருவன் இரு கைகளையும் மேலே தூக்கிவிட்டான்! அன்று நாம் வாய்விட்டுச் சிரித்தோம்.

முகக்கவசம், கைகளுக்குக் கிருமிநாசினி, இடைவெளி விட்ட இருக்கைகள் என எல்லா விதிகளும் குறைவறக் காக்கப்பட்டன. குறைவறக் காத்தோம் என்ற நிறைவும் நமக்கிருந்தது. அந்நிறைவு மூன்று வாரங்களே நீடித்தது.

ஒருநாள் மதிய உணவு வேளையில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தட்டைத் தொடாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். ஆசிரியை தொட்டுப் பார்த்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது. காலையில் வெப்பமானி ஒன்றும் காட்டவில்லையே என்று வியந்தோம். குழந்தை கள்ளமின்றிச் சொன்னாள்: "காலையிலே அம்மா இனிப்பு மருந்து கொடுத்தாங்க, சாமி."

பாரசிட்டமால் மருந்து நான்கு முதல் ஆறு மணி நேரம்வரை காய்ச்சலைத் தணித்து வைக்கும், நோய்க்கிருமி அகன்றுவிடாது. வாயிற்படியைத் தாண்ட அவ்வளவு நேரம் போதுமன்றோ?

தாயை வரவழைத்தோம். கட்டட வேலையில் சித்தாள். கடிந்துகொள்ள வேண்டுமென்று சில சொற்களை நாம் ஆயத்தமாக வைத்திருந்தோம் என்பதை மறைப்பானேன்? அவர் சொன்னது இது: "ஒருநாள் போகலைன்னா மேஸ்திரி வேற ஆளைச் சேர்த்துக்குவார், சாமி. பிள்ளையை யாருகிட்ட விட்டுட்டுப் போறது? வீட்டிலே இருந்தா மத்தியானச் சோறும் இல்லே." சற்றுத் தயங்கிப் பிறகு, "அண்ணன் வாங்கின டிபன் பாக்ஸ் தனக்கும் வேணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா" என்றார்.

டிபன் பாக்ஸ்! ஆண்டு முழுவதும் ஒருநாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் நம் கையாலேயே வழங்கி வந்த பரிசு. எத்தனை ஆண்டுகள் வழங்கினோம்! இருமலோடும் அம்மைக் கொப்புளத்தோடும் வந்து அதைப் பெற்றவர் எத்தனை பேரோ! ஆயத்தமாக வைத்திருந்த சொற்கள் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

அன்று மாலை அவ்வகுப்பறையைச் சென்று பார்த்தோம். வாயிலில் கிருமிநாசினிப் புட்டிகள் வரிசையாக இருந்தன. ஆனால் இரண்டு சன்னல்கள் பழைய பெஞ்சுகளால் அடைபட்டிருந்தன; மூன்றாவது, சாக்கடை நாற்றத்துக்கு அஞ்சி மூடப்பட்டிருந்தது. கொரோனாக் காலத்தின் முதல் மாதங்களில் கை கழுவுவதும் மேசை துடைப்பதுமே பெரிதாகப் பேசப்பட்டன. அடைபட்ட அறையின் காற்றிலும் அந்நோய் மிதந்து பரவும் என்பது பின்னரே எல்லாருக்கும் தெளிவாயிற்று. பெஞ்சுகளை அகற்றினோம். சாக்கடைக்கு மூடி போட்டோம். டெங்குக் கொசுவை எண்ணிச் சன்னல்களுக்கு வலையும் அடித்தோம்.

2022 சனவரியில் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டுப் பிப்ரவரி முதல் நாள் திறக்கப்பட்டன. மார்ச்சு 16 முதல் பன்னிரண்டு வயதினருக்கும் தடுப்பூசி கிடைத்தது; தொடக்கப் பள்ளிச் சிறாருக்கோ அரசின் திட்டத்தில் அது வரவேயில்லை. இந்நிலையில் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதே பெரும் சிக்கலாயிற்று. பெற்றோர் கூட்டத்தில் இரு கட்சிகள். "இன்னும் எதற்கு முகக்கவசம்?" என்றார் ஒருவர். வீட்டில் நோயுற்ற முதியவரை வைத்திருந்த மற்றொருவர் கண்கலங்கினார். சிறு பிள்ளைகள் முகக்கவசங்களைத் தங்களுக்குள் பண்டமாற்றுச் செய்துகொண்டிருந்ததை ஆசிரியைகள் மட்டுமே அறிவர்!

இறுதியில் வெப்பமானியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். தொற்றுடைய குழந்தைகள் பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வந்தவருக்கும் இனிப்பு மருந்து உண்டு. முகக்கவசத்தை அவரவர் விருப்பத்திற்கு விட்டோம். திறந்த சன்னலும் சோப்பும் நிலைத்தன. சோப்பு வயிற்றுப்போக்குக்கும் பகையாதலால் அதை விட மனமில்லை. மருந்து இல்லாமலே காய்ச்சல் நீங்கி ஒரு முழுநாள் ஆகும்வரை பிள்ளை வீட்டில் இருக்கவேண்டும் என்பது விதியாயிற்று.

பரிசை நிறுத்தத்தான் போராட வேண்டியிருந்தது. தலைமையாசிரியை அருட்சகோதரி உடன்படவில்லை. "பத்தொன்பது மாதப் படிப்பு போயிற்று, ஃபாதர். எழுத்துக்கூட்டத் தெரியாமல் நான்காம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் எனக்கு வேண்டும்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. இன்றும் அச்சொல் நம்மை உறுத்துகிறது. இரு வாரம் வாதிட்டபின் பரிசு நின்றது. நோயுற்று வராத பிள்ளைக்கு மறுவாரம் மாலையில் அரைமணி தனியே பாடம் சொல்லித் தருவதென்று அவரே ஏற்பாடு செய்தார். முதல் மாதம் வருகை குறையத்தான் செய்தது. காய்ச்சல் என்று கடிதம் கொடுத்துவிட்டு மகனை உறவினர் திருமணத்திற்கு அழைத்துச் சென்ற தந்தையும் உண்டு.

வீட்டில் கிடக்கும் பிள்ளைக்கு மதியக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க வின்சென்ட் தே பவுல் சபையார் முன்வந்தனர். ஆனால் தாயின் கூலிக்கு நாம் வழி காணவில்லை. மேஸ்திரிகளும், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்போரும் ஞாயிறு திருப்பலியில் முன்வரிசையில் அமரும் நம் மக்களே. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேலையாள் வந்து சொல்லும் நாளில், அவர்கள் என்ன விடை தருகிறார்கள்? இதனை அவர்களிடமே கேட்கிறோம்.

அச்சிறுமி இப்போது வேறு பள்ளியில் படிக்கிறாள். தம்பி நம்மிடம் படிக்கிறான். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு அத்தாய் வாயிலுக்கு வந்தார். "இவனுக்கு ராத்திரியிலிருந்து உடம்பு சுடுது, சாமி. இன்னிக்கு வரமாட்டான்" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினார். அன்று அவருக்குக் கூலி இல்லை.