ஆனந்தைத் தோற்கடித்த சாஃப்ட்வேர்: ஸ்கோரை மட்டும் பார்த்தால் போதுமா?

1998 ஜூலை. இத்தாலியின் இஸ்கியா தீவு. அப்போது ரேட்டிங்கில் உலகின் 2-வது இடத்தில் இருந்த விஸ்வநாதன் ஆனந்தும், 'ரெபெல் 10' என்ற செஸ் சாஃப்ட்வேரும் மோதின. முடிவு: 5-3, ரெபெல் வெற்றி. விற்பனைக்கு வந்த ஒரு சாஃப்ட்வேருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா என்ன?

ஆனால் அந்த 8 ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் கதையே வேற.

நேரம் கூடினால் யார் ஜெயித்தார்?

* 5 நிமிட பிளிட்ஸ், 4 ஆட்டங்கள்: ரெபெல் 3-1
* 15 நிமிட ஆட்டங்கள் 2: ரெபெல் 1.5-0.5
* முழு நேர டோர்னமென்ட் ஆட்டங்கள் 2: ஆனந்த் 1.5-0.5

யோசிக்க நேரம் கிடைத்தபோது ஜெயித்தது மனிதர்தான். மொத்த ஸ்கோரில் அது தெரியாது. எந்த விதியில் ஆடினார்கள் என்பதுதான் பாதி முடிவைத் தீர்மானித்தது.

ஹேண்டிகேப் எதற்கு?

அடுத்த பத்தாண்டுக்குள் நிலைமை தலைகீழ். சமமாக ஆடினால் இன்ஜின்தான் ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்த முடிவை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? அதனால் இன்ஜின் தரப்பு காயை விட்டுக்கொடுத்து ஆட ஆரம்பித்தது.

2007-ல் 'ரிப்கா' ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு சிப்பாய் குறைவாக வைத்து, கிராண்ட்மாஸ்டர் யான் எல்வெஸ்டை 5.5-2.5 என வென்றது. 2016 ஜனவரியில் 'கொமோடோ' பலவிதச் சலுகைகள் கொடுத்து ஹிகாரு நகமுராவோடு 4 ஆட்டங்கள் ஆடியது. முதல் மூன்றும் டிரா. கடைசியில் கொமோடோ வெற்றி, 2.5-1.5. இரண்டுமே காசுக்கு விற்கப்பட்ட இன்ஜின்கள்.

இது ஏமாற்று வேலையா?

இல்லை. விளம்பரம்தான், ஆனால் உருப்படியான விளம்பரம். மனிதருக்கும் இயந்திரத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு சிப்பாயா, ஒரு குதிரையா என்று இந்த ஆட்டங்கள் அளந்து காட்டுகின்றன. சமமான ஆட்டத்தில் 10-0 என்று வந்தால் அந்த அளவு தெரியாது.

ஆனால் ஒரு நிபந்தனை. எவ்வளவு நேரம், என்ன காய் குறைவு, எந்த கம்ப்யூட்டர், இன்ஜினுக்குத் தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பு கொடுக்கப்பட்டதா என்பதெல்லாம் ஸ்கோருக்குப் பக்கத்திலேயே அதே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். 'கிராண்ட்மாஸ்டரையே தோற்கடித்தது' என்று மட்டும் போட்டால், அது பாதி உண்மைதான்.

அல்லிநகரத்து மாணவருக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட், 2024-ல் குகேஷ் உலக சாம்பியன். தேனி, கம்பம் பக்கம் பிள்ளையை செஸ் வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு, 'ஏஐ கோச்' என்று சந்தா கேட்கும் ஆப்களும் போனில் வந்து நிற்கும். கிராண்ட்மாஸ்டரை வென்ற பலம் என்பதைக் காட்டித்தான் விற்பார்கள்.

அந்தப் பலம் இன்று இலவசம். 'ஸ்டாக்ஃபிஷ்' திறந்த மூல இன்ஜின். சாதாரண ஸ்மார்ட்போனில் ஓடும்போதே கிராண்ட்மாஸ்டர்களை மிஞ்சும். அல்லிநகரத்தில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் அதே இன்ஜின்தான்.

1200 ரேட்டிங்கில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் பலமான இன்ஜின் தேவையில்லை. 'இந்த நகர்த்தல் ஏன் தப்பு?' என்று அந்தப் பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்லித்தர ஆள் வேண்டும். இன்ஜின் +1.3 என்று ஒரு எண்ணைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது.

ஆகவே காசு கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி 'யாரை ஜெயித்தது?' அல்ல. 'என் பிள்ளைக்கு எதைப் புரிய வைக்கும்?' என்பதுதான். அதற்குப் பதில் இல்லையென்றால், அந்தப் பணத்தில் இரண்டு டோர்னமென்ட் என்ட்ரி ஃபீஸ் கட்டலாம். பிள்ளை அங்கே கூடுதலாகக் கற்றுக்கொள்ளும்.