மின்சாரம் இல்லையென்று எண்ணாதீர்



2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் முறிந்து வீழ்ந்தன. கடலூர் மாவட்டத்து ஊர்கள் பல நாட்கணக்கில் இருளில் ஆழ்ந்தன. அந்நாட்களில் சிதம்பரத்தை அடுத்த ஓர் ஊரில் ஒரு குடும்பத்தைக் காணச் சென்றோம். கூடத்து பல்பு உடைந்து, அதன் உலோக மூடி மட்டும் ஹோல்டரில் தங்கியிருந்தது. அதைக் கழற்ற மூத்த மகன் முக்காலிமீது ஏறி நின்றான்.

"தம்பி, மெயினை அணைத்தாயா?" என்றோம்.

"கரண்டே இல்லையே, சாமி!" என்றான்.

அவனை இறங்கச் செய்து, மெயினை அணைத்த பின்னரே ஏறவிட்டோம். அன்று மாலையே அத்தெருவிற்கு மின்சாரம் வந்துவிட்டது. அது சொல்லிக்கொண்டு வருவதில்லை அன்றோ!

கண்ணாடி உடைந்த பல்பில் உள்ளிருக்கும் கம்பிகள் வெளியே நீட்டி நிற்கும். நம் வீடுகளில் பாய்வது 230 வோல்ட். உயிரைப் பறிக்க அது போதும். சுவர் சுவிட்சை அணைத்தாலும் போதாது. ஒயரிங் தவறாக அமைந்த வீடுகளில், சுவிட்சை அணைத்த பின்னும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். ஆகவே மெயினை அணையுங்கள். ஃப்யூஸ் கேரியர் இருப்பின் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் இருப்பின் அதையும் நிறுத்துங்கள். ஒருவரும் மீண்டும் போடாதபடி வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.

பின்னர் சிறுவர்களை அப்புறப்படுத்தி, கீழே பழைய செய்தித்தாளை விரியுங்கள். காலில் செருப்பும், கையில் தடித்த உலர்ந்த உறையும், கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். ஆடாத மேசைமீது நில்லுங்கள். ஒருவர் அதைப் பற்றிக்கொள்ளட்டும். நீண்ட மூக்குடைய குறட்டால் உலோக மூடியின் விளிம்பைப் பிடித்து, சற்றே மேல்நோக்கி அழுத்தி, இடப்புறமாகத் திருப்புங்கள். உருளைக்கிழங்கைச் செருகித் திருப்பும் உபாயம் மரையுள்ள பல்புகளுக்கு உரியது; அழுத்தித் திருப்பும் நம் ஊர் பல்புக்கு அது பொருந்தாது; ஈரமும் உள்ளே இறங்கும். கடற்காற்றில் துருவேறி மூடி அசையாவிடில் வலுக்கட்டாயம் வேண்டாம், மின்பணியாளரை அழையுங்கள்.

உடைந்தது சி.எஃப்.எல். விளக்காயின் அதில் சிறிதளவு பாதரசம் உண்டு. சன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே இருங்கள். துடைப்பத்தால் பெருக்காமல், தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளி மூடியுள்ள புட்டியில் இடுங்கள். எவ்வகைக் கண்ணாடியாயினும் வெறுமனே குப்பையில் எறியாதீர். பொதிந்து கட்டி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். அவர் கையும் நம் பிள்ளையின் கை போன்றதே.

புதிய வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். எவரேனும் தவறி விழுந்தால் அப்பழி வீட்டின்மேல் வரும் என்று இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. வீட்டாரின் உயிரைக் காப்பது வீட்டுத் தலைவரின் கடமை என்பதே அதன் கருத்து. நம் வீட்டு மெயின் சுவிட்சும் அத்தகைய கைப்பிடிச் சுவரே. அது எங்கே இருக்கிறது, எவ்வாறு அணைப்பது என்பதை இன்றிரவு செபமாலை முடிந்ததும் வீட்டில் உள்ள அனைவருக்கும் காட்டிக்கொடுங்கள்.