எந்த ஒன்றரை இலட்சம்?

ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ் 1686இல் எழுதிய நூலொன்றில் மகா அலெக்சாந்தரை உதாரணத்துக்கு எடுக்கிறார். அரசன் என்ற தன்மையை மட்டும் வைத்து அலெக்சாந்தரை அடையாளம் காண முடியாது. அரசர்கள் எத்தனையோ பேர். ஒருவரைப் பற்றி உண்மையான அத்தனையும் அடங்கிய முழுக் கருத்துதான் அவருக்கே உரியது. அதை அறிந்தவர் கடவுள் ஒருவரே என்கிறார் அவர்.

இலங்கையின் பதுளைத் தேயிலைத் தோட்டங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கம் ஞாபகத்துக்கு வரும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

அந்த ஒன்றரை இலட்சம் யார்? தெமோதரையில் பிறந்த பிள்ளையா, பசறையில் கொழுந்து பறித்த ஆத்தாவா? யாருமே இல்லை. தொகை முதலில் முடிவானது, அதை நிரப்ப ஆட்களைப் பிறகு தேடினார்கள். 1974இல் அந்தத் தொகையையும் ஆளுக்கு 75,000 என்று இரு நாடுகளும் பிரித்துக்கொண்டன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செக்ரோல் பதிவேட்டில் பெயருக்கு நேரே வேலைநாள் பதியப்பட்ட மனிதர்கள் இவர்கள். உழைப்பைக் கணக்கெடுக்கத் தனித்தனியாகத் தெரிந்தவர்கள், உரிமை என்று வந்ததும் ஒரே தொகையாகிப் போனார்கள்.

இவர்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நான் இன்னும் கொடியதாக நினைக்கிறேன். அதில் இனத்தின் பெயர் இல்லை. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று என்ன என்பதே கேள்வி. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பெரும்பாலானவற்றில் அந்தச் சான்று இருக்கவில்லை. பிரஜாவுரிமையைப் பறிக்கும்போது யாரையும் தனியாகப் பார்க்கவில்லை. மறு ஆண்டு வந்த சட்டத்தின் கீழ் திரும்பக் கேட்டபோதோ, ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையைத் தாள் தாளாக நிரூபிக்க வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக மனுப் போட்டார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. கடவுள்தான் அறிவார் என்று லைப்னிட்ஸ் சொன்ன அந்த முழுக் கருத்தை, தோட்டத்துக் கூலியாளிடம் கேட்டது அரசு.

பிரஜாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அந்த அநீதியில் பெரும்பகுதியைத் தீர்த்தது. ஆனால் பல லயக் காம்பராக்களுக்கு இன்றும் தனி முகவரி கிடையாது. பெயர் எழுதிய கடிதம் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் போகிறது. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதத்தைக் கையில் வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கதவுக்கும் இலக்கமும் முகவரியும் கொடுக்கும் வேலையை இனியும் தள்ளிப்போடக் கூடாது.