சட்டையிலும் ஏற்றத் தாழ்வா?

வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் ஒரு சட்டைக்கு எவ்வளவு தீர்வை என்று கேட்டால், "சட்டையின் விலைக்குத் தக்கபடி இருக்கும்" என்றுதான் யாரும் பதில் சொல்லுவார்கள். நாமும் வெகு காலம் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தோம். விலை குறைந்த சரக்குக்குக் குறைந்த வரி, விலை உயர்ந்த சரக்குக்கு உயர்ந்த வரி என்பதுதானே நியாயம், சர்க்கார் என்று ஒன்று இருந்தால் அந்த அளவுக்காவது புத்தி இருக்காதா என்று நம்பியிருந்தோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தீர்வை அட்டவணையை எடுத்து வைத்துக் கொண்டு, பக்கத்தில் அகராதியையும் வைத்துக் கொண்டு, தட்டித் தடுமாறிச் சில அத்தியாயங்களைப் படித்துப் பார்த்த பிறகுதான், நாம் நம்பியிருந்தது அடியோடு தலைகீழ் என்பது விளங்கிற்று.

"அமெரிக்கத் தீர்வை எக்கேடு கெட்டால் நமக்கென்ன?" என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். திருப்பூரில் பின்னித் தைத்த பனியன் மூட்டை மூட்டையாகப் போய் இறங்கும் தேசங்களில் முக்கியமானது அமெரிக்கா. அங்கே அந்தப் பனியன் மேல் விழும் தீர்வை ஏறினால் இங்கே ஆர்டர் குறையும். ஆர்டர் குறைந்தால் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வாரக் கூலி குறையும். அங்கே அதை வாங்கிப் போட்டுக் கொள்ளுகின்றவனும் பெரும்பாலும் அந்நாட்டுக் கூலிக்காரன்தான். ஆகவே தைக்கின்ற முனையிலும் ஏழை, வாங்குகின்ற முனையிலும் ஏழை. இடையில் இருக்கும் சுங்கச் சாவடியில் என்ன நடக்கின்றது என்று அறிந்து கொள்ள நமக்கு உரிமையில்லையா?

முதலில் இந்த ஏற்பாடு நடக்கும் விதத்தைச் சொல்லி விடுகின்றோம். 1983-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கையெழுத்தாகி, 1988 ஜனவரி முதல் அமுலுக்கு வந்த ஓர் உடன்படிக்கையின்படி, உலகத்தில் வியாபாரமாகும் சரக்கு ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்கமுள்ள ஓர் எண் உண்டு. உயிருள்ள குதிரையில் ஆரம்பித்து, ஓவியத்திலும் பழம் பொருளிலும் போய் முடிகின்றது அந்த ஜாபிதா. அதில் 61-வது அத்தியாயம் பின்னலாடை. 62-வது அத்தியாயம் பின்னலல்லாத உடை, அதாவது பெரும்பாலும் நெய்த துணியில் தைத்தது. எந்தத் தேசத்துச் சுங்க உத்தியோகஸ்தரானாலும் இந்த எண்ணைக் கண்டால் என்ன சரக்கு என்று அறிந்து கொள்வார். இதுவரையில் நமக்கு ஆட்சேபணை யாதொன்றுமில்லை. சரக்கை வகைப்படுத்தாமல் கணக்கு வைக்க முடியாது. ஆனால் அந்த ஆறு இலக்கத்துக்குப் பின்னால் மேலும் இலக்கங்களைச் சேர்த்து, எந்த எண்ணுக்கு எத்தனை தீர்வை என்று முடிவு செய்வது அந்தந்தத் தேசத்துச் சர்க்கார். சூட்சுமமெல்லாம் அங்கேதான் இருக்கின்றது.

துறைமுகத்தில் ஒரு சட்டைப் பெட்டியைத் திறந்ததும் அதிகாரி பார்ப்பது அது அழகா, உறுதியா, போடுகின்றவனுக்குச் சௌகரியமா என்பதல்ல. பின்னலா நெசவா? எந்த நூல்? ஆணுக்கா, பெண்ணுக்கா? இந்த மூன்றும்தான் பெரும்பாலும் வரியை நிர்ணயிக்கின்றன. நூல் விஷயத்தில் சட்டம் தராசைக் கையில் எடுக்கின்றது. இரண்டு நூல் கலந்திருந்தால் எடையில் எது அதிகமோ அந்த நூலாலேயே முழுவதும் ஆனதாக வைத்துக் கொள்ள வேண்டும். டி-ஷர்ட் என்று நம் பையன்கள் சொல்லும் அரைக்கைப் பனியனை எடுத்துக் கொள்வோம். அதில் பருத்தி 55 பங்கும் பாலியெஸ்டர் 45 பங்கும் இருந்தால் அமெரிக்கத் தீர்வை நூற்றுக்கு 16.5. பருத்தி 45, பாலியெஸ்டர் 55 என்று மாறினால் நூற்றுக்கு 32. சரிபாதியாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எண் வரிசையில் கடைசியாக வருவதில் சேர் என்கின்றது விதி. அதாவது 32-ல் போய் விழும். (2025 முதல் இவற்றின் மேல் ஏற்றியும் இறக்கியும் வரும் தனித் தீர்வைகளை நாம் கணக்கில் சேர்க்கவில்லை. விசேஷ ஒப்பந்தமில்லாத தேசங்களின் சரக்குக்கு அட்டவணையில் கண்ட சாதாரண விகிதங்களைத்தான் சொல்லுகின்றோம்.)

போகட்டும், ஏதோ நூலின் குணத்தைப் பற்றிய சங்கதி என்று இதை விட்டு விடலாம். அடுத்ததை விட முடியாது. குளிர் தேசத்தில் ஸ்வெட்டர் இல்லாமல் உயிர் வாழ முடியாது. அங்கே சீமானும் ஸ்வெட்டர் போடுகின்றான், தெருக் கூட்டுகின்றவனும் போடுகின்றான். சீமானுடையது காஷ்மீர் ஆட்டு ரோமத்தால் ஆனது. தடவிப் பார்த்தால் பூனைக்குட்டி போலிருக்குமாம். நடுத்தரக்காரனுடையது சாதாரண ஆட்டுக் கம்பளி. ஏழையுடையது அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். இந்த மூன்றுக்கும் அமெரிக்க அட்டவணை விதிக்கும் தீர்வை என்ன தெரியுமா? முழுவதும் காஷ்மீர் ரோமமானால் நூற்றுக்கு 4. ஆட்டுக் கம்பளியானால் 16. அக்ரிலிக் ஆனால் 32!

வாசகர்கள் இதை அச்சுப் பிழை என்று நினைத்து விடக் கூடாது. நாமே முதலில் அப்படித்தான் நினைத்து மூன்று தரம் பார்த்தோம். துறைமுகத்தில் 100 டாலர் மதிப்புள்ள சீமான் ஸ்வெட்டருக்கு வரி 4 டாலர். 10 டாலர் மதிப்புள்ள ஏழை ஸ்வெட்டருக்கு வரி 3 டாலர் 20 சென்ட். பத்து மடங்கு விலை, ஆனால் வரியில் 80 சென்ட்தான் வித்தியாசம். இதை ஒரு சர்க்கார் பகிரங்கமாகக் கூட்டம் போட்டு, "ஏழைகளே, உங்களுக்கு எட்டு மடங்கு விகிதம் வைத்திருக்கின்றோம்" என்று சொன்னால் அடுத்த தேர்தலில் அந்தச் சர்க்கார் இருக்குமா? அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. "6110.30.30" என்று ஓர் எண்ணைப் போட்டு விட்டால் போதும். ஒருவனுக்கும் புரியாது. புரியாத பாஷையில் எழுதி வைத்து, படித்துச் சொல்ல ஒரு சிறு கூட்டத்தை மாத்திரம் வைத்துக் கொண்டால் எந்த அநியாயத்தையும் வெகு காலம் நடத்தலாம் என்பது நம் நாட்டாருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய சங்கதியல்ல.

ஏன் இப்படி ஏற்பட்டது என்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து ஏழையை நசுக்க வேண்டுமென்று எழுதினார் என்று நாம் சொல்ல வரவில்லை. 1947-க்குப் பிறகு தேசங்கள் கூடிக் கூடித் தீர்வைகளைக் குறைத்துப் பேரம் பேசி வந்தன. உள்நாட்டில் போட்டியாக ஆலை இல்லாத உயர்ந்த சரக்குகளில் குறைப்பதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை, குறைந்து விட்டது. சாதாரண ஜனங்கள் உடுத்தும் மலிவுச் சரக்குகளுக்கு அங்கே ஆலைகள் இருந்தன, ஆலை முதலாளிகளும் தொழிலாளர் சங்கங்களும் மல்லுக்கு நின்றார்கள், குறையவில்லை. பிறகு அந்த ஆலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டு, இன்று அந்நாட்டார் உடுத்தும் உடையில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகின்றது. காக்க வேண்டிய ஆலை போய் விட்டது. காவலுக்குப் போட்ட வரி மாத்திரம் ஏழையின் முதுகில் நிற்கின்றது.

நிற்க. ஆண் பெண் விஷயத்துக்கு வருவோம். சட்டைக்கு ஆண் பெண் உண்டா என்று சிரிக்காதீர்கள். அந்த உலக ஜாபிதாவே உண்டு என்கின்றது. முன்பக்கம் திறக்கும் உடையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் படிந்து மூடினால் அது ஆண் உடை. வலப்பக்கம் இடப்பக்கத்தின் மேல் படிந்தால் பெண் உடை. தைத்த மாதிரியே இன்னாருக்கென்று தெளிவாகக் காட்டினால் இது பொருந்தாது. எதுவென்று தீர்மானிக்க முடியாவிட்டால்? பெண் பக்கத்தில் சேர்த்து விட வேண்டியது! ஆனால் 86 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாத குழந்தைகளின் உடைக்கு மட்டும் ஆண் பெண் பேதமில்லை. அந்த உயரத்தைத் தாண்டினதும் குழந்தைக்கு மானமும் மரியாதையும் வந்து பித்தான் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டியதாகி விடுகின்றது போலும்.

பிரித்தது பிரித்ததாகவே இருந்தாலும் பாதகமில்லை. பிரித்து, அமெரிக்காவில் வெவ்வேறு வரியும் போடுகின்றார்கள். பருத்திப் பின்னல் உள்ளாடை ஆணுக்கானால் நூற்றுக்கு 7.4, பெண்ணுக்கானால் 7.6. தோல் கையுறையில் ஒரு வகைக்கு ஆணுடையதானால் 14, மற்றவர்களுடையதானால் 12.6. ஒரே தோல், ஒரே தையல், ஒரே ஐந்து விரல். டோட்ஸ் ஐசோடோனர் என்ற கையுறைக் கம்பெனி இது சமத்துவத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டது. 2010-ல் மேல் நீதிமன்றம் அதைத் தள்ளி விட்டது. விகிதம் வேறுபட்டிருப்பது மாத்திரம் போதாது, சட்டம் செய்தவர்களுக்குப் பாரபட்சம் காட்டும் எண்ணம் இருந்ததாகவும் காட்ட வேண்டுமாம்! அடிபட்டவன் அடித்தவனுடைய மனதைத் திறந்து காட்டினால்தான் காயம் காயமாகும் என்றால் உலகத்தில் எந்த வழக்கு நிற்கும்?

இன்னும் ஒரு வேடிக்கை. அதே அட்டவணையில் "பண்டிகைச் சாமான்கள்" என்று ஒரு தலைப்பு உண்டு. அதற்குத் தீர்வையே கிடையாது. வேடம் போடும் உடை, போட்டால் நாலு நாளில் கிழிந்து போகும்படி மட்டமாகத் தைத்திருந்தால் அது பண்டிகைச் சாமான், இலவசம். கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்துக்கு ஒரு கம்பெனி நல்ல அஸ்தர் கொடுத்து, உறுதியாகத் தைத்த உடையைக் கொண்டு வந்தது. 2019-ல் நீதிமன்றம், "இது நிஜமான உடை" என்று சொல்லி, மேற்சட்டைக்கு நூற்றுக்கு 32, கால்சட்டைக்கு 28.2 என்ற அதிகாரிகளின் தீர்ப்பை ஊர்ஜிதம் செய்தது. கிழிகின்ற துணிக்கு வரியில்லை, உழைக்கின்ற துணிக்கு 32! பண்டிகைக்குச் சலுகை கொடுக்க நம் நாட்டுச் சர்க்கார்களுக்குத்தான் தெரியும் என்று நாம் இறுமாந்திருந்தோம்.

வக்கீல் வைக்கப் பணமுள்ளவன் இதிலிருந்தெல்லாம் தப்பிக்க வழி இல்லாமலில்லை. ஸ்னக்கி என்று கை வைத்த ஒரு கம்பளி. மேலே போர்த்திக் கொண்டு கையை நுழைத்துக் கொள்வது. முதுகுப் பக்கம் திறந்திருக்கும். சுங்க அதிகாரிகள் இது உடை, பாதிரிமார் அங்கியைப் போன்றது, 14.9 கட்டு என்றார்கள். கம்பெனியார் இது வெறும் கம்பளி, 8.5 தான் என்றார்கள். 2017-ல் கம்பெனியார் ஜெயித்தார்கள். மற்றொரு தந்திரம் தையற்காரனுடையது. செயற்கை நூலில் நெய்த பெண்கள் சட்டைக்கு 26.9. இடுப்புக்குக் கீழே ஒரு சின்னப் பை வைத்துத் தைத்து விட்டால் அது வேறு தலைப்புக்குப் போய் 16 ஆகி விடும். அந்தப் பையில் ஒரு தீப்பெட்டிகூட வைக்க இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை. பெரிய கம்பெனிகள் சட்டையை வெட்டுவதற்கு முன்பே தீர்வை நிபுணனைக் கூப்பிட்டு எங்கே பை, எங்கே பித்தான் என்று கேட்டுக் கொள்ளுகின்றன. கடையில் போய் ஒரு ஸ்வெட்டர் வாங்குகின்றவன் எந்த நிபுணனைக் கேட்பான்?

"இதெல்லாம் வெகு நுட்பமான விஷயம், நூலின் சாத்திரம், பாமரருக்கு விளங்காது, வகை பிரித்தால் வரியும் பிரியத்தான் செய்யும்" என்று சில பண்டிதர்கள் சொல்லக் கூடும். அவர்களுக்கு நாம் காட்டுவது ஐரோப்பிய யூனியனை. அவர்களும் அதே பிரஸ்ஸல்ஸ் ஜாபிதாவைத்தான் வைத்திருக்கின்றார்கள். அதே பித்தான் விதி, அதே எடை விதி. ஆனால் பெரும்பாலான உடைகளுக்குப் பருத்தியானாலும் பாலியெஸ்டரானாலும், ஆணானாலும் பெண்ணானாலும் நூற்றுக்கு 12 என்று வைத்து விட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. கணக்கும் நடக்கின்றது, வரியும் வருகின்றது. ஆகவே வகை பிரிப்பது வேறு, வகைக்கு வகை ஏற்றத் தாழ்வு வைப்பது வேறு என்பதும், முன்னது காரியத்துக்கு வேண்டியது, பின்னது வேண்டாதது என்பதும் விளங்கவில்லையா?

நம் நாட்டுச் சங்கதியையும் மறைக்க வேண்டியதில்லை. 1975-ம் வருஷத்து இந்தியச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையில் வேட்டியும் சேலையும் லுங்கியும் பருத்தித் துணி அத்தியாயத்தில் பெயர் பெற்றிருக்கின்றன. உடை அத்தியாயத்தில் அல்ல. தைக்காததால் துணி, அவ்வளவுதான். அது கிடக்கட்டும். இறக்குமதியாகும் பல உடைகளுக்கு நூற்றுக்கு இவ்வளவு, அல்லது உருப்படிக்கு இத்தனை ரூபாய், "இரண்டில் எது அதிகமோ அது" என்று வைத்திருக்கின்றார்கள். கேட்பதற்கு யோக்கியமாகத்தான் இருக்கின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உருப்படிக்கு 100 ரூபாய், அல்லது நூற்றுக்கு 20 என்று வைத்துக் கொள்வோம். 2000 ரூபாய்ச் சட்டைக்கு நூற்றுக்கு 20 வீதம் 400 ரூபாய். 200 ரூபாய்ச் சட்டைக்கு அந்த வீதப்படி 40 தான். ஆனால் எது அதிகமோ அது என்பதால் 100 ரூபாய், அதாவது சரிபாதி. மலிவுச் சரக்கு வந்து குவிந்து உள்நாட்டுத் தையல் தொழிலைக் கெடுக்காதிருக்கவே இந்த ஏற்பாடு என்று சொல்லுகின்றார்கள். தொழிலைக் காப்பது அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. காக்கும் செலவை மலிவுச் சட்டை வாங்குகின்றவன் மாத்திரம் ஏன் அதிக வீதத்தில் கொடுக்க வேண்டும் என்பதே நமது கேள்வி.

அமெரிக்காவிலும் சரி, இங்கேயும் சரி, கடையில் கொடுக்கும் ரசீதில் விற்பனை வரி தனியாகக் காட்டப்படுகின்றது. துறைமுகத்தில் கட்டிய தீர்வை மாத்திரம் விலைக்குள் ஒளிந்து கொண்டிருக்கின்றது. அந்த ரசீதிலேயே "இதில் சுங்கத் தீர்வை இவ்வளவு" என்று ஒரு வரி அச்சடிக்கட்டும். காஷ்மீர் ஸ்வெட்டர் வாங்கினவனும் அக்ரிலிக் ஸ்வெட்டர் வாங்கினவனும் தங்கள் தங்கள் ரசீதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொள்ளட்டும். அதற்குப் பிறகும் அந்த அட்டவணை எத்தனை நாள் நிற்கின்றது என்று பார்ப்போம்.