தம்பதியரும் கணினி விளையாட்டும்: ஒரு பழிக்கு மறுப்பு

திருமண வரவேற்பு மேடைகளிலும் வார இதழ்களின் இல்லற ஆலோசனைப் பக்கங்களிலும் பல ஆண்டுகளாகச் சலிப்பின்றி ஓதப்பட்டு வரும் கருத்து ஒன்று உண்டு. கணினி விளையாட்டு தனியாளின் போதை என்பதும், அது வீட்டுக்குள் நுழைந்தால் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் அந்நியராவர் என்பதும், இருவர் சேர்ந்து ஆடத்தக்க எதுவும் அதில் இல்லை என்பதும் அக்கருத்தின் சாரம். இதைச் சொல்வோருள் பெரும்பாலோர் ஒரு விளையாட்டையேனும் தொட்டுப் பார்த்தவர் அல்லர் என்பது அவர்கள் காட்டும் சான்றிலேயே தெரிந்துவிடுகிறது. முகமறியாதவரைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டம் ஒன்றைச் சுட்டிக்காட்டிவிட்டு, கணினி விளையாட்டு முழுவதற்கும் அவர்கள் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர்.

தனிமையே இவ்விளையாட்டின் இயல்பு என்னும் கூற்று வரலாற்றின் முன் நிற்காது. 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்துக்கு வரும் பார்வையாளர்களுக்காக, மின்னலைகளை ஒளிக்கோடாகக் காட்டும் அலைக்காட்டித் திரையில் இயற்பியலாளர் வில்லியம் ஹிகின்பாதம் அமைத்த 'டென்னிஸ் ஃபார் டூ', பெயரிலேயே இருவருக்கானது. 1962-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக இளைஞர்கள் உருவாக்கிய 'ஸ்பேஸ்வார்' ஆட்டத்தில் இருவர் ஆளுக்கொரு விண்கலத்தைச் செலுத்தினர். 1972-இல் அடாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்' பெட்டியில் இரண்டு குமிழ்கள் இருந்தன. எதிரே ஆள் இல்லையென்றால் ஆட்டமே இல்லை.

இப்பழியைச் சுமத்துவோர் ஆய்வுகளின் பெயரையும் இழுப்பதுண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 349 தம்பதியரிடம் இணையவழிப் பாத்திரமேற்பு ஆட்டங்கள் குறித்து, அதாவது கற்பனை உலகொன்றில் ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பலரோடு உலவும் ஆட்டங்கள் குறித்து, விசாரித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு அவர்களுக்குப் பிடித்தமானது. ஒருவர் மட்டும் விளையாடும் வீடுகளில் மற்றவரின் மனநிறைவு குறைந்திருந்தது என்னும் பகுதி மட்டுமே மேடை ஏறுகிறது. இருவரும் சேர்ந்து விளையாடும் தம்பதியருள் 76 விழுக்காட்டினர், விளையாட்டு தங்கள் இல்லறத்துக்கு நன்மையே செய்தது எனக் கூறிய பகுதி அதே ஆய்வில் இருந்தும் ஒருமுறைகூட வாசிக்கப்படுவதில்லை. பாதியை மறைத்துப் பாதியைக் காட்டுவது அறிவுரை ஆகாது.

விளையாட்டு குழந்தைகளுக்கு உரியது என்பதற்கு நெடிய மறுமொழி தேவையில்லை; நலங்கில் மணமக்களைத் தேங்காய் உருட்டவும் குடத்து நீரில் மோதிரம் தேடவும் வைக்கும் சமூகம், இருவர் விளையாடி நெருங்குவதைப் புதிதாகக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 'ஓவர்குக்ட்' என்னும் சமையலறை ஆட்டத்தில் தம்பதியர் சண்டையிட்டுக் கொள்கின்றனர் என்பது உண்மைதான். ஆனால் யார் நறுக்குவது, யார் பாத்திரம் கழுவுவது என்னும் வழக்கை வீட்டுச் சமையலறையில் தொடுப்பதைவிட அங்கே தொடுப்பது நல்லது.

எல்லாவற்றிலும் மிகுதியாக முழங்கப்படுவதும், உள்ளே மிகுந்த இழிவைச் சுமந்திருப்பதும் வேறொரு வாதம். ஒருவருக்கு, பெரும்பாலும் கணவனுக்கு, விளையாடிப் பழக்கம் இருக்கும். மற்றவருக்கு விசை எது, பொத்தான் எது என்பதே தெரியாது. ஆகவே ஒருவர் வாத்தியார் ஆவார், மற்றவர் சலித்து எழுந்துபோவார் என்பது அவ்வாதம். மனைவி எப்போதும் மாணவியாகவே இருப்பாள் என்ற முன்முடிவு இதில் ஒளிந்திருக்கிறது. அதனினும் பெரிய குறை, விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இச்சிக்கலை உணர்ந்து தீர்த்து வைத்த செய்தியே இவர்களை எட்டாதது. இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தால்தான் திறமை ஒப்பிடப்படும். ஆளுக்கு ஒரு பாதியைக் கொடுத்தால் ஒப்பிட இடமே இல்லை. கனடாவின் ஸ்டீல் கிரேட் கேம்ஸ் 2015-இல் வெளியிட்ட 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' ஆட்டத்தில் ஒருவர் மட்டுமே திரையில் வெடிகுண்டைப் பார்க்கிறார். அதைச் செயலிழக்கச் செய்யும் முறை விளக்கப்பட்டுள்ள 23 பக்கக் கையேடு மற்றவர் கையில் இருக்கிறது. அவர் திரையைப் பார்க்கக் கூடாது. கம்பி எத்தனை, நிறம் என்ன என்று ஒருவர் சொல்ல, எதை வெட்டுவது என்று மற்றவர் சொல்ல வேண்டும். கையேட்டை ஏந்தியிருப்பவருக்கு வாசிக்கவும் காது கொடுக்கவும் தெரிந்தால் போதும். வாழ்நாளில் கணினியைத் தொடாதவரும் அந்த இடத்தில் முதன்மையானவர் ஆகிறார்.

இதே நெறியைச் சுவீடனின் ஹேஸ்லைட் நிறுவனம், ஜோசப் ஃபேர்ஸ் இயக்கத்தில் 2021-இல் வெளியிட்ட 'இட் டேக்ஸ் டூ' ஆட்டத்தில் முழுமையாக்கியது. மணமுறிவின் விளிம்பில் நிற்கும் மே, கோடி என்னும் தம்பதியர் பொம்மைகளாக மாறித் தங்கள் வீட்டுக்குள்ளேயே வழி தேடும் கதை அது. கோடியிடம் ஆணிகள் இருந்தால் மேயிடம் சுத்தியல்; ஒருவர் எளிதில் தீப்பற்றும் பிசினைப் பீய்ச்சினால் மற்றவர் தீக்குச்சியை எய்கிறார்; பிறிதோரிடத்தில் இருவரும் காந்தத்தின் எதிரெதிர் முனைகள். ஓர் இயலில் கற்ற கருவி அடுத்த இயலில் பறிக்கப்பட்டுப் புதியது தரப்படுவதால், பழகியவரும் புதியவரும் மீண்டும் மீண்டும் ஒரே தொடக்கக்கோட்டுக்கு வந்து நிற்கின்றனர். இதைத் தனியாக ஆட வழியே இல்லை. இருவரின்றி இயங்காத இந்த ஆட்டந்தான் அவ்வாண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது. இதற்குப் பின்னும் தம்பதியருக்கு எதுவும் இல்லை என்று மேடையேறிச் சொல்வதை அறியாமை என்று மன்னித்து விட முடியாது. தேட மறுக்கும் பிடிவாதம் அது.

தேடுவதும் கடினமன்று. பலர் ஆடும் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான 'மல்ட்டிபிளேயர்' பிரிவில் நுழைந்தால் முகமறியாதவரோடு மோதும் ஆட்டங்களே முன்னே வந்து நிற்கும். ஸ்டீம் முதலிய இணைய அங்காடிகளில், எதிர்த்து ஆடாமல் ஒத்துழைத்து ஆடும் ஆட்டங்கள் 'கோ-ஆப்' என்றும், ஒரே கணினியின் திரையை இரு பாகமாக்கி இருவரும் அருகமர்ந்து ஆடுபவை 'ஸ்ப்ளிட் ஸ்க்ரீன்' என்றும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. செலவு பெரிது என்பாரும் உளர்: 'இட் டேக்ஸ் டூ' ஒரு படியை வாங்கினாலே இரண்டாமவர் தம் கணினியிலிருந்து விலையின்றிச் சேரலாம், மேற்சொன்ன கையேடோ இலவசம்.

பிரிப்பதாகப் பழிக்கப்படும் பொருள், பிரிந்திருப்போரைச் சேர்ப்பதையும் இவர்கள் காண்பதில்லை. கணவன் துபாயிலோ சிங்கப்பூரிலோ பணிபுரிய, மனைவி தஞ்சையில் வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். சாப்பிட்டாயா என்ற கேள்வியோடு தீர்ந்துபோகும் தொலைபேசி உரையாடலே அவர்களுக்கு வாய்த்த மாலைப்பொழுது. எரிக் பரோன் என்னும் தனியொருவர் உருவாக்கி 2016-இல் வெளியிட்டு, 2018-இல் பலர் சேர்ந்து ஆடும் வசதியைப் பெற்ற 'ஸ்டார்டியூ வேலி'யில் அத்தகைய இருவர் ஒரே பண்ணையில் விதைக்கலாம், மாடு வளர்க்கலாம், பணப்பை பொதுவா தனித்தனியா என்று முடிவு செய்யலாம். அங்கே ஒரு பகல் என்பது ஏறத்தாழ 14 நிமிடம். வேலை முடிந்து களைத்தவரும் இரண்டு பகல்களை ஒன்றாகக் கழித்துவிட்டு உறங்கச் செல்லலாம். நாளை என்ன நடுவது என்ற பேச்சு அடுத்த அழைப்புக்கு மிஞ்சியிருக்கும்.

கணினியால் குடும்பம் கெட்டது என்று முறையிடும் கடிதத்துக்கு விடை எழுதும் ஆலோசகர்கள், என்ன விளையாட்டு, யார் விளையாடினார், மற்றவருக்கு அதில் இடம் இருந்ததா என்னும் மூன்றையும் கேட்ட பின்னரே விடை எழுத வேண்டும். இவற்றைக் கேளாமல் வழங்கப்படும் தீர்ப்பை எந்தத் தம்பதியரும் ஏற்க வேண்டியதில்லை.